கடலறிவியல் பட்டப்படிப்பு கிடைத்திருக்கிறது, போகலாமா?

பெர்ஜுந்தைப் பெண்
திங்கள், இரவு 9.12

வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். ஆறாம் படிவத்தில் உயிரியல், வேதியியல், கணிதம் எடுத்தேன். யு.பி.யு. என்ற பல்கலைக்கழக நுழைவு விண்ணப்பத்தில் ஏழாவது விருப்பமாக, இடம் நிரப்ப எழுதிய கடலறிவியல், தெரெங்கானுவில் கிடைத்திருக்கிறது. முதல் ஆறும் கிடைக்கவில்லை.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். எங்கள் குடும்பத்தில் கடலைச் சரியாகப் பார்த்தவர் பாட்டி ஒருவர்தான். சிறுமியாக ரஜூலா கப்பலில் வந்தவர், வழியெல்லாம் வாந்தி எடுத்ததைத் தவிர அந்தப் பயணத்தில் வேறொன்றும் நினைவில்லை என்பார். செய்தியைச் சொன்னதும், "கடந்து வந்தாயிற்றே, மறுபடி அங்கே என்ன வேலை?" என்று கேட்டார். அப்பா, "படித்துவிட்டு மீன்பிடிப் படகில் ஏறப் போகிறாயா?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடிதத்தில் பட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் கெப்புஜியான், அதாவது ஆனர்ஸ், என்று போட்டிருக்கிறது. அது கெட்டிக்காரர்களுக்கு மட்டுமா? எனக்கு நீச்சல் தெரியாது, ஆற்றில் முழங்கால் வரை இறங்கியதோடு சரி. அன்றாடம் அங்கே என்னதான் செய்வார்கள்? டால்ஃபின் படம் போட்ட விளம்பரங்களை நான் நம்பவில்லை. இந்தப் படிப்பை முடித்த நம்மவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பதில் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஈஜோக் மாமா
திங்கள், இரவு 9.40

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டுப் பார்த்தாயா, அம்மா? அதில் நிச்சயமான சம்பளம் உண்டு. கடல் எங்கேயும் ஓடிப்போகாது.

சேற்றுக்கால்
செவ்வாய், அதிகாலை 12.35

தங்கச்சி, நீயும் நானும் ஒரே ஆற்றுத் தண்ணீர். நீ மேலே பெர்ஜுந்தையில் இருக்கிறாய், நான் கீழே கோல சிலாங்கூர் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர்ப் பால் எடுத்தவர். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார். நான் கடலறிவியலில் பட்டம் வாங்கிப் பதினொரு ஆண்டாகிறது. தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாக எழுதப் போகிறேன்.

கெப்புஜியான் என்ற சொல்லைப் பார்த்து மிரளாதே. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் பட்டத்தோடு அது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டேதான் வரும். தனியாக யாரும் அழைத்துக் கொடுப்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கான அரிசி இறுதியாண்டில்தான் உலையில் விழும். ஒரு கேள்வியை நீயே எடுக்க வேண்டும். நீயே போய் மாதிரி அள்ளி, நீயே எண்ணி, கணக்குப் போட்டு, ஆய்வேடாக எழுதி, விரிவுரையாளர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுகள் எல்லாம் அதற்கான தயாரிப்புதான்.

அந்தத் தயாரிப்பில் டால்ஃபின் கிடையாது. இதையும் தெரிந்துகொள்: கடல் உயிரியல் வேறு, கடலறிவியல் வேறு. உயிரியலில் உயிரினங்களே முதன்மை. கடலறிவியலில் நான்கு கால்: இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல். அலையும் நீரோட்டமும் கணக்காகத்தான் வரும். முதலாண்டில் நுண்கணிதத்தைக் கண்டு என் வகுப்பில் இரண்டு பேர் துறை மாறினார்கள். எனக்கு அதைவிட வின்க்ளர் முறைதான் எமனாக இருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் பழைய வழி அது. பாட்டிலில் ஒரு காற்றுக் குமிழிகூட நுழையாமல் நிரப்ப வேண்டும், பிறகு துளித்துளியாகக் கரைசலை விட்டு நீலம் மறையும் கணத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு துளி கூடினால் அந்தப் பாட்டில் போயிற்று. இப்போது கருவியை முக்கினால் எண் வந்துவிடுகிறது. ஆனாலும் கருவி பொய் சொல்கிறதா என்று பார்க்க அந்தத் துளிக் கணக்கு இன்றைக்கும் உதவுகிறது.

இனி என் இறுதியாண்டு. தோழிகள் பவளப்பாறை, ஆமை என்று எடுத்தார்கள். என்னிடம் படகுக்கும் தீவில் தங்குவதற்கும் காசில்லை. ஊருக்கு வந்தால் சோறும் பாயும் இலவசம், அப்பாவின் மோட்டாரும் இருந்தது. அதனால் நம் சிலாங்கூர்க் கரையின் சேற்றை எடுத்தேன். அலையாத்திக் காடு நிற்கும் இடத்தின் முன்னால் உள்ள சேற்றிலும், காடு அழிந்து கல் கட்டிய கரையின் முன்னால் உள்ள சேற்றிலும் வாழும் சிறு உயிர்கள் வேறுபடுகின்றனவா? இவ்வளவுதான் கேள்வி.

அதற்கு முதலில் கடலிடம் நேரம் வாங்க வேண்டும். நம் கரையில் ஒரு நாளில் இரண்டு பெருக்கு, இரண்டு வற்றம். அடுத்த நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் பெரும் பெருக்கும் பெரும் வற்றமும். கிள்ளான் துறைமுகத்தின் பக்கம் பெரும் பெருக்கு ஐந்து மீட்டரைத் தாண்டும். நான் படித்த கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் அளவே இருக்கும், அதனால் அங்கே பழகிய கண்ணுக்கு நம் வற்றம் பெரிய அதிசயம். கடல் எழுந்து வெகுதூரம் நடந்துபோய்விட்டது போலிருக்கும். நம் பக்கம் அந்தப் பெரும் வற்றம் நண்பகலை ஒட்டி வரும். உச்சி வெயில், நிழல் என்று ஒரு குச்சிகூடக் கிடையாது.

முதல் நாள் முழங்கால் அளவு ஆய்வு பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன். பத்தடி நடந்ததும் சேறு பூட்ஸை வைத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டது. கெராங் என்ற சிப்பி அள்ளும் சீனத்து மனிதர் ஒருவர், நீளப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலால் உந்திச் சறுக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிரித்ததற்குக் கூலியாக பூட்ஸைப் பிடுங்கிக் கொடுத்தார். அடுத்த முறை அம்மா தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு ரப்பர் சப்பாத்தைக் கயிற்றால் கணுக்காலோடு கட்டிக்கொண்டு போனேன். அதன் பிறகு சேறு எதையும் கேட்கவில்லை.

வேலை இதுதான்: பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி, மேலே கையால் மூடி இழுத்தால் சேறு புட்டுக் குழலிலிருந்து வரும் புட்டைப் போல வெளியே வரும். மேலே கொஞ்சம் பழுப்பு, அதன் கீழே கன்னங்கரேல், அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகச் சேர்மங்களைக் கொண்டு பிழைப்பதால் வரும் நிறமும் நாற்றமும் அவை. ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள்ளே பழுப்பு வளையங்கள் இருக்கும். ஒவ்வொரு வளையமும் ஒரு புழுவின் வீடு. அது தண்ணீரை உள்ளே இழுத்து விடுவதால் சுவரில் மட்டும் ஆக்சிஜன் ஏறிச் சேறு நிறம் மாறியிருக்கும். நான்கு ஆண்டுப் படிப்பில் எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் அந்த வளையத்தை வைத்துக்கொள்வேன்.

இரண்டு இடம், மேல் நடு கீழ் என்று மூன்று மட்டம், மட்டத்துக்கு ஐந்து குழாய். ஒரு நடைக்கு முப்பது. இரண்டு நடை. ஒவ்வொன்றையும் அரை மில்லிமீட்டர் சல்லடையில் கழுவி, மிஞ்சியதை ஃபார்மலினில் பதப்படுத்தி, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றினால் உயிராக இருந்தவை மட்டும் நிறம் பிடிக்கும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பாட்டிலுக்கு இரண்டு மணி நேரம், சிலதுக்கு நான்கு. அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார், மகள் உதிரிப்புழு பொறுக்கினாள். இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

இப்போது என் முட்டாள்தனம். முதல் நடையில் பாட்டில்களின் பெயர்ச்சீட்டைப் பேனாவால் எழுதினேன். மாதிரிகளை ஃபார்மலினிலிருந்து எத்தனால் சாராயத்துக்கு மாற்றியதும் பன்னிரண்டு பாட்டிலில் மை கரைந்து வெள்ளைச் சீட்டு மிதந்தது. எது காட்டுப் பக்கம், எது கல்லுப் பக்கம், தெரியாது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். பென்சில், தங்கச்சி. பென்சிலால் எழுதி, சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயும் போட வேண்டும், வெளியேயும் ஒட்ட வேண்டும். முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை.

மீதி நாற்பத்தெட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். காட்டின் முன்னால் உயிர்கள் கொழிக்கும், கல்லின் முன்னால் பாழாகக் கிடக்கும் என்று எழுத மனத்தில் வாக்கியம் எல்லாம் தயாராக இருந்தது. வரவில்லை. இரண்டு இடங்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிட, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதால் வந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. நெறியாளரிடம் தலைகுனிந்துகொண்டு போனேன். "நீ விரும்பியது வரவில்லை என்று கடல் மீது கோபமா?" என்று கேட்டார். அதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன். நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது. பாட்டில் சீட்டு மை கரைந்ததையும் முறையியல் பகுதியில் ஒரு பத்தியாக எழுத வைத்தார், அதுதான் எனக்குக் கசந்தது.

நீச்சல்: எனக்கும் அப்போது தெரியாது. சேற்றில் முங்க நீச்சல் எதற்கு? ஆனால் படகில் போக வேண்டிய நாள்கள் வரும். உயிர்காப்புச் சட்டை கொடுப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டு பயமில்லாமல் மிதக்கத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். நகராண்மைக் கழக நீச்சல்குளத்தில் இரண்டு மாதம் போய்ப் பழகினேன். முக்குளிப்பு எல்லோருக்கும் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

வேலை பற்றிப் பூசி மெழுகமாட்டேன். ஓராண்டு வீட்டில் இருந்தேன், கணிதம் டியூஷன் எடுத்தேன். பிறகு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன், முதல் சம்பளம் 1,900 வெள்ளி. கடலில் மண் போட்டுப் பெரிய அளவில் நிரப்புவதானால் நம் சட்டப்படி அந்த மதிப்பீடு இல்லாமல் முடியாது. அங்கே தண்ணீரும் சேறும் அள்ளி எண்ண ஆள் வேண்டும். மீன்வளத் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, சுற்றுச்சூழல் துறை, இறால் பண்ணைகள், ஆய்வகங்கள் என்று வாசல்கள் உண்டு. எல்லா வாசலும் எல்லா ஆண்டும் திறந்திருக்காது.

உன் அப்பாவிடம் இதைச் சொல். அவர் இறக்கும் குலையை ஆலையில் அவித்துப் பிழியும்போது வரும் கழிவுநீரில், ஒரு லிட்டரை மட்கவைக்கவே ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். அப்படியே ஆற்றில் விட்டால் மீனுக்கு மூச்சு இருக்காது. 1977இல் வந்த விதிகள் அதைப் படிப்படியாக 100க்குக் குறைக்க வைத்தன. ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் இருக்குமே, அவை அதற்குத்தான். அந்த எண்ணை அளக்கிறவளும் என்னைப் போல ஒருத்திதான். உன் அப்பாவின் வேலைக்கும் நீ படிக்கப்போவதற்கும் நடுவில் ஓர் ஆறு மட்டும்தான் இருக்கிறது.

பழைய கிராணி
செவ்வாய், காலை 6.50

சேற்றுக்கால் எழுதியதைக் கோப்பி ஆறும் வரை படித்தேன். கடற்கரைத் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக, இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம் அல்லவா?

எங்கள் தோட்டம் கடல் மட்டத்துக்குச் சமமாக, சில இடத்தில் அதற்கும் கீழே கிடந்தது. சுற்றிலும் மண்ணணை, அதில் தண்ணீர்க் கதவுகள். வற்றத்தில் கதவு தானாகத் திறந்து தோட்டத்து நீர் வெளியே போகும், பெருக்கில் கடலே தள்ளி மூடிக்கொள்ளும். அந்தக் கதவுகளுக்கென்று ஒரு காவல்காரர் இருந்தார், எழுதப் படிக்கத் தெரியாதவர். பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, நிலாவைப் பார்ப்பார். "ஐயா, நாளைக்குத் தண்ணீர் பெரிசு" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வந்து சொன்னால் அன்றைக்கு அணைப் பக்கம் நான்கு ஆளை அனுப்பிவிடுவோம்.

அணைக்கு எதிரி அலை என்றுதான் புதிய துரை நினைத்தார். உள்ளே தோண்டுகிறவனை அவர் பார்க்கவில்லை. சேற்று இறால் என்று ஒன்று உண்டு, கறையான் புற்றைப் போல மண்ணைக் குவித்துக்கொண்டு அடியில் வளை போடும். அது அணையைத் துளைத்து வைத்திருக்க, பெரும் பெருக்கில் ஒரு விரல் தடிப்பாகக் கசிந்த நீர் காலைக்குள் அணையையே கொண்டுபோய்விட்டது. ஒன்பது ஏக்கர் உப்புத் தண்ணீர். மட்டைகள் மஞ்சளாகி, குலை சிறுத்து, அந்த மூலை திரும்ப எழவே இல்லை. அணைக்கு முன்னால் பாக்காவ் என்ற அலையாத்தி மரங்கள் அடர்ந்திருந்த காலத்தில் அப்படி நடந்ததில்லை என்று காவல்காரர் சொன்னார். அவர் சொன்னது அறிக்கையில் ஏறவில்லை. அறிக்கையை எழுதியவன் நான்தான்.

பேராக்கில் மாத்தாங் காட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் அலையாத்தி, 1902 முதல் ஒழுங்காக நிர்வகிக்கப்படுகிறது, முப்பது ஆண்டுச் சுற்றில் வெட்டுவதும் மறுபடி நடுவதும். கோல செப்பெத்தாங்கில் கரி மூட்டும் சூளைகள் அந்த மரத்தில்தான் எரிகின்றன. ரப்பருக்கு மறுநடவுக் கணக்குப் போட்ட எனக்கு, கடற்காட்டுக்கும் அதே கணக்கு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை, உன் பாட்டியிடம் சொல். கடல் அக்கரையில் இல்லை, அணைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

குவீன்ஸ்லாந்துவாசி
செவ்வாய், மாலை 4.15

சேற்றுக்கால் அக்கா சொன்னது மலேசியாவுக்குச் சரி. பின்னாளில் ஆஸ்திரேலியா பக்கம் மனம் போனால் குழம்பாமல் இருக்க இதை எழுதுகிறேன். இங்கே இளங்கலை மூன்று ஆண்டில் முடிந்துவிடும். ஆனர்ஸ் என்பது அதன் பிறகு வேண்டியவர்கள் எடுக்கும் தனி ஓராண்டு. நல்ல மதிப்பெண்ணும், உன்னை ஏற்றுக்கொள்ளும் நெறியாளரும் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி ஒரே ஆய்வுக்குப் போகும். அதில் முதல் வகுப்பு வாங்கியவர்கள் முதுகலையைத் தாண்டி நேரே முனைவர் ஆய்வுக்குப் போக வழியுண்டு. ஆகவே ஒரே சொல் இரண்டு நாட்டில் இரண்டு பொருள். என் சித்தி ஊரில், பையன் ஓர் ஆண்டு தோற்றுவிட்டதால்தான் நான்காவது ஆண்டு படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கோல நெருஸ் மாணவன்
செவ்வாய், இரவு 8.05

நான் இப்போது அங்கேதான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். படிப்பை அக்கா சொல்லிவிட்டார், நான் இருப்பைச் சொல்கிறேன். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் துணி காயாது, தீவுகளுக்குப் படகு போகாது, களப்பணி எல்லாம் மழைக்கு முன்னும் பின்னும்தான். கோலாலம்பூரிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். தீபாவளிக்கு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தமிழ் பேச ஆள் குறைவு, மலாய் நன்றாக ஓடும்.

ரெடாங் தீவில் சாகார் ஹுத்தாங் என்ற கடற்கரையில் எங்கள் பல்கலைக்கழகம் 1993 முதல் ஆமைகளைப் பார்த்துவருகிறது. இரவு முழுக்க விளக்கில்லாமல் கரையில் நடக்க வேண்டும். முட்டை புதைந்த மணல் சூடாக இருந்தால் குஞ்சுகள் பெண்ணாகும், குளிர்ந்திருந்தால் ஆண். ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடு அளவுக்கு முட்டையிட்ட தோல்முதுகு ஆமைகள் (லெதர்பேக்) இன்று ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. முட்டைகளை மனிதன் தின்றதும், வலையில் ஆமைகள் சிக்கியதும் அதற்குக் காரணங்கள். அந்தக் கரையில் நின்றபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேறு விவரம் வேண்டுமானால் கேளுங்கள்.

பெர்ஜுந்தைப் பெண்
புதன், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அம்மாவின் சப்பாத்து வந்த இடத்தில் அம்மா சிரித்துவிட்டார். பிறகு, "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேள்" என்றார். மன்னித்துவிடுங்கள் அக்கா, கேட்டே ஆக வேண்டும் என்கிறார்.

அப்பா ஆலைக்குளங்கள் பற்றிக் கேட்டதும், "ஆமாம், ஏழு குளம் இருக்கிறது, கடைசிக் குளத்தில் மீன் இருக்கும்" என்றார். இத்தனை நாள் அவருக்கு அது தெரியும் என்றே எனக்குத் தெரியாது. பிறகு அவராகவே, ஆற்றில் ஊடாங் காலா என்ற பெரிய இறால் ஏன் முன்போல் மாட்டுவதில்லை என்று அந்தப் படிப்பில் சொல்லித்தருவார்களா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கிராணி ஐயா, பாட்டியிடம் சொன்னேன். "அணைக்கு அந்தப் பக்கம் என்றால் வாந்தி வராது" என்றார்.

சேற்றுக்கால்
புதன், இரவு 11.05

அம்மாவிடம் சொல்: ஆயிற்று, இரண்டு பிள்ளைகள். மாமியார் முதலில் என் நகக்கண்ணில் இருந்த சேற்றைத்தான் பார்த்தார். இப்போது விருந்தாளிகளிடம் அவரே பெருமையாகச் சொல்கிறார், நடுவே கொஞ்சம் கூட்டியும் சொல்கிறார்.

உன் அப்பா கேட்டது பரீட்சைக் கேள்வி. ஊடாங் காலா வளர்வது நன்னீரில், ஆனால் அதன் குஞ்சு நன்னீரில் பிழைக்காது. முட்டை சுமந்த பெண் இறால் ஆற்றோடு கீழே இறங்கி, உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரத்துக்குப் போகும். குஞ்சுகள் அங்கே மிதந்து பல முறை தோலுரித்து, இறால் உருவம் வந்த பிறகுதான் கரையோரமாக ஊர்ந்து மேலே ஏறும். அப்பாவின் கூட்டாளிகள் பெர்ஜுந்தைப் பாலத்தடியில் பிடிக்கும் நீலக்கை இறால் ஒவ்வொன்றும் சிறு வயதில் உப்பு நீரைப் பார்த்துவிட்டு வந்தது. ஆகவே நடுவழியில் தண்ணீர் கெட்டாலும், கரையோர மரம் போனாலும், அணைக்கட்டு குறுக்கே வந்தாலும், அளவில்லாமல் பிடித்தாலும் குறையும். இவற்றில் நம் ஆற்றில் எது எவ்வளவு என்பதை ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். இதையே நீ இறுதியாண்டுக்கு எடுக்கலாம். சோறும் பாயும் இலவசம்.

கம்போங் குவாந்தான் மின்மினிகளும் இதே கதைதான். அவை கூடும் பெரெம்பாங் மரத்துக்கு உப்பும் நன்னீரும் கலந்த ஆற்றங்கரை வேண்டும், புழுப் பருவத்தில் தின்ன நத்தை வேண்டும். சுற்றுலாப் படகில் அதை யாரும் சொல்வதில்லை. சரி, அதை ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

பதில் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது அல்லவா? வருகிற சனிக்கிழமை அமாவாசை. ஞாயிறு நண்பகல் கழிந்து நல்ல வற்றம். நான் பிள்ளைகளோடு கோல சிலாங்கூர்ப் பக்கம் வருகிறேன். நீ தனியாக வராதே, அப்பா அம்மாவோடு வா. பாட்டிக்கு முடிந்தால் அவரையும் அழைத்து வா, கரையில் உட்கார நாற்காலி கொண்டுவருகிறேன். தண்ணீர் திரும்பும்போது நமக்குப் பின்னாலிருக்கும் ஓடைகளில்தான் முதலில் ஏறும், அதனால் நான் சொல்லும் நேரத்தில் கேள்வி கேட்காமல் கரையேறிவிட வேண்டும். ஒரு குழாய் அழுத்திக் காட்டுகிறேன், அந்தப் பழுப்பு வளையத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்.

உன் கால் அளவு என்ன? அம்மாவின் பழைய சப்பாத்து ஒரு ஜோடி, ஆறாம் எண், இன்னும் வைத்திருக்கிறேன். கயிறும் உண்டு.